லாட்ச் நான் வாங்கினது, மாட்டினது அவங்க, பானெட் பறந்ததுக்கு யார் பொறுப்பு?

தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு வாசகர் நீளமா கடிதம் எழுதியிருக்காரு. பேரு, தெரு, வர்க்‌ஷாப் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன்.

அவர் ஒரு ஸ்கூல் டீச்சர், நாப்பது வயசு தாண்டினவர். அவங்க அப்பா டர்பன் முனிசிபாலிட்டி தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸ்ல பிறந்தவர், அறுபதுகள்ல அங்க இருந்த நம்ம ஜனங்களை எல்லாம் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினப்போ குடும்பத்தோட வந்தவர், முனிசிபாலிட்டில வேலை பார்த்து காசு சேர்த்து செகண்ட் ஹேண்டா ஒரு 1971 வோல்க்ஸ்வேகன் பீட்டில் கார் வாங்கினார். நம்ம ஊர் பேச்சுல வோல்க்ஸி. அப்பா போன வருஷம் தவறிட்டாரு, வண்டி இப்போ மகன் பேர்ல இருக்கு. முன்பக்க பானெட் லாட்ச் தேஞ்சு போய் சரியா பூட்டாம இருந்துச்சுன்னு, ஜோகன்னஸ்பர்க்ல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற ஒரு ஆன்லைன் கடைல மேல் பாகமும் கீழ் பாகமும் சேர்ந்த புது லாட்ச் செட் ஒண்ணை 1,150 ரேண்டுக்கு வாங்கி, மே 24 அன்னிக்கு வீட்டுப் பக்கத்து வர்க்‌ஷாப்ல குடுத்து மாட்டியிருக்காரு. கூலி 900 ரேண்ட். மாட்டும்போது பார்ட் சரியா உக்காரலன்னு ஃபிட்டர் கீழ் லாக்ல இருக்கற ஸ்லைட் பிளேட்டை அரத்தால ராவி விட்டிருக்காரு, அதை அவரே வாயால சொல்லியிருக்காரு.

ஜூன் கடைசில, பானெட்டை ரெண்டு தடவை அமுக்கினாத்தான் பூட்டுது, ஒரு பக்கம் லேசா தூக்கிட்டு நிக்குதுன்னு நம்ம வாசகர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்காரு. "புது லாட்ச் தானே, போகப் போக செட் ஆயிடும்"னு பதில் வந்திருக்கு. ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமை, உம்சிண்டோல சொந்தக்காரங்க வீட்டு ஆடிக் கூழுக்குப் போக மனைவியோட கிளம்பி, என்2 ரோட்டுல அமன்சிம்டோட்டி தாண்டி தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல போய்ட்டிருந்தப்போ பானெட் படார்னு எழும்பி கண்ணாடில அடிச்சிருக்கு. முன்னாடி ஒண்ணுமே தெரியல, பக்கத்து ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பார்த்து எப்படியோ ஓரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்காரு. யாருக்கும் அடி படல. பானெட் வளைஞ்சு, ஹிஞ்ச் ரெண்டும் முறுக்கி, கண்ணாடி விரிஞ்சு, கண்ணாடிக்குக் கீழ இருக்கற தகடு நசுங்கி, மொத்தம் 26,500 ரேண்ட் கொட்டேஷன்.

வர்க்‌ஷாப் சொல்றது: பார்ட் நீங்க கொண்டு வந்தது, கஸ்டமர் குடுத்த பார்ட்டுக்கு கேரண்டி இல்லன்னு ஜாப் கார்டுல இருக்கு, நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க. பார்ட்ஸ் கடை சொல்றது: எங்க பார்ட்டை ராவிட்டீங்க, வாரண்டி போச்சு. வாசகர் கேக்கறது, எனக்கு ஏதாவது உரிமை இருக்கா, இல்ல பழைய வண்டி வெச்சிருக்கறவன் தலையெழுத்துன்னு விட்டுடணுமா?

தம்பி, முதல்ல நீங்களும் வீட்டுல அவங்களும் பத்திரமா இருக்கீங்களே, அதுவே பெரிய விஷயம். பீட்டில்ல பானெட் ஹிஞ்ச் கண்ணாடிப் பக்கம் இருக்கு, லாட்ச் மூக்குப் பக்கம் இருக்கு, அதனால லாட்ச் விட்டா காத்து அடியில புகுந்து மொத்தமா தூக்கி ஓட்டறவர் முகத்துக்கு நேரா சாத்திடும். உங்களுக்கு நடந்ததை சின்ன ரிப்பேர் சண்டைன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. இது உயிர் சம்பந்தப்பட்ட பார்ட், அதை மாட்டறதுக்கு காசு வாங்கினவங்களுக்கு அந்த அளவு கவனம் இருந்திருக்கணும்.

உரிமை இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா உங்க கடிதத்தைப் படிச்சா எல்லாத்தையும் ஒண்ணா கலந்து வெச்சிருக்கீங்கன்னு தெரியுது, அவங்க ரெண்டு பேரும் அந்தக் கலப்படத்தைத் தான் பிடிச்சுத் தொங்கறாங்க. லாட்ச்ங்கற பொருள் ஒண்ணு, அதை மாட்டின வேலை ஒண்ணு. பொருள்ல தப்பா, வேலைல தப்பா, இல்ல ரெண்டுலயுமா, இந்தக் கேள்விக்கு பதில் கிடைச்சாத்தான் யாரைப் பிடிக்கணும், எந்தப் பிரிவுல பிடிக்கணும்னு தெரியும். அந்த பதில் இப்போ உங்க வண்டியோட மூக்குல அப்படியே உக்காந்திருக்கு.

லாட்சைக் கழட்டாதீங்க

"லாட்சைக் கழட்டி, கிரீஸெல்லாம் துடைச்சு கடைக்கு அனுப்பி வெக்கட்டுமா, அவங்க பார்த்துட்டு சொல்லட்டும்"னு எழுதியிருக்கீங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க. உங்க கிட்ட இருக்கற ஒரே சாட்சி அது. எதிராளி கைல சாட்சியைக் குடுத்துட்டு அப்புறம் வழக்கு பேச முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் மெக்கானிக் இல்ல, வக்கீல் தான், ஆனா இந்த மாதிரி விஷயங்கள்ல என்ன பார்ப்பாங்கன்னு தெரியும். பானெட் பக்கம் இருக்கற ஸ்பிரிங் போட்ட பின் கீழ் லாக்குக்குள்ள இறங்கி, ஸ்லைட் பிளேட் அதைக் கவ்விப் பிடிக்கணும். உள்ள இருக்கற நாபை இழுத்தா கேபிள் அந்த பிளேட்டை நகர்த்தி விடும். பின் நீளத்தை ஸ்க்ரூ டிரைவரால கூட்டிக் குறைச்சு லாக் நட் வெச்சு டைட் பண்ணலாம். பின் குட்டையா இருந்தா மேலாப்புல தான் கவ்வும். கேபிளை ரொம்ப இழுத்துக் கட்டிட்டா பிளேட் முழுசா திரும்பி வராம பாதில நிக்கும். பானெட் ரப்பர் புதுசா தடியா போட்டிருந்தா பானெட்டே மேல தூக்கிட்டு நிக்கும், பின் இறங்காது. இதெல்லாம் மாட்டறவர் பார்க்க வேண்டிய வேலை. பிளேட்டோட இரும்பே மெத்துனு இருந்தாலோ, அளவே தப்பா இருந்தாலோ அது பொருளோட தப்பு.

இன்னொண்ணு, இதை யாரும் உங்க கிட்ட பேசவே இல்லன்னு நினைக்கறேன். மெயின் லாட்ச் விட்டாலும் சேஃப்டி ஹூக்னு ஒண்ணு இருக்கு, பானெட் லேசா மேல வந்து அதுல மாட்டி நிக்கணும், அதுக்குத் தான் அது இருக்கறதே. உங்க பானெட் முழுசா பறந்திருக்குன்னா ரெண்டும் விட்டிருக்கு. பிளேட்டை ராவினது மெயின் லாட்சுக்கு பதில் சொல்லலாம், ஹூக் ஏன் பிடிக்கலங்கறதுக்கு பதில் சொல்லாது. மாட்டி முடிச்சப்புறம் மெயின் லாட்சை விடுவிச்சு ஹூக் பிடிக்குதான்னு ஒரு தடவை பானெட்டைத் தூக்கிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷ வேலை.

அதனால ரெண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத, பழைய வோல்க்ஸ்வேகன் நல்லா தெரிஞ்ச ஒரு அசெசரையோ (வண்டி சேதத்தைப் பார்த்து மதிப்பிடறவர்) மெக்கானிக்கையோ வரவழைச்சு, லாட்ச் வண்டில இருக்கும்போதே போட்டோ எடுக்கச் சொல்லுங்க. பின்னோட நீளம், பிளேட்டுல ராவின விளிம்பு, எங்க உரசின தடம் இருக்கு, கேபிள் எவ்வளவு இழுப்பா இருக்கு, ஹூக் எந்த நிலைல இருக்கு, எல்லாம் பக்கத்துல ஸ்கேல் வெச்சு. அப்புறம் எழுத்துல ரிப்போர்ட், கையெழுத்தோட. "என் கருத்துல இது இதனால விட்டுச்சு"ங்கற ஒரு வரி அதுல இருக்கணும். இதுக்கு ஆகற செலவுக்கு ரசீது வாங்குங்க, அதையும் கேக்கலாம். ரிப்போர்ட் வர வரைக்கும் வண்டியை கவர் போட்டு மூடி வைங்க. நம்ம கடலோர ஈரக்காத்துல பெயின்ட் போன தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், நஷ்டத்தை நீங்களே கூட்டிட்டீங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது.

"பார்ட் உங்களோடது" அப்படிங்கற வாதம்

2008ஆம் வருஷத்து 68ஆம் சட்டம், கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட், அதோட 57ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரிப்பேர் செய்யறவர் தான் பொருத்தின ஒவ்வொரு புது பார்ட்டுக்கும், ரீகண்டிஷன் பார்ட்டுக்கும், அதைப் பொருத்தின வேலைக்கும், பொருத்தின நாள்ல இருந்து மூணு மாசம் வாரண்டி குடுத்ததா அர்த்தம். வாய்ல சொன்னாலும் சொல்லாட்டியும். வண்டிக்கு வயசு பத்து வருஷமா அம்பது வருஷமான்னு அதுல ஒரு வார்த்தை கூட இல்ல. "பழைய வண்டிக்கு வாரண்டி இல்ல"ன்னு உங்க கிட்ட சொன்னாங்களே, அது தப்பு. வண்டி பழசு தான், வேலை மே மாசம் செஞ்சது.

பார்ட்டை நீங்க வாங்கிக் குடுத்தாலும் 57ல பார்ட்டுக்கான வாரண்டி அவங்களைக் கட்டுமா? "பொருத்தின ஒவ்வொரு பார்ட்டும்"னு தான் பிரிவு சொல்லுது, யார் வாங்கினதுன்னு பிரிக்கல. ஆனா அவங்க சார்புல வாதாட இடம் இருக்கு, அதை நான் உங்க கிட்ட மறைக்க மாட்டேன். வேலைக்கான வாரண்டில அந்த சந்தேகமே கிடையாது. 54ஆம் பிரிவும் உங்க பக்கம் நிக்குது, சாதாரணமா ஒருத்தர் எதிர்பார்க்கற தரத்துல வேலை இல்லன்னா ஒண்ணு சரி பண்ணிக் குடுக்கணும், இல்ல நியாயமான ஒரு பங்கைத் திருப்பித் தரணும், அதுல எதுன்னு தேர்ந்தெடுக்கறது வாடிக்கையாளர்.

ஜாப் கார்டுல கையெழுத்து போட்டுட்டேனேன்னு ரொம்ப கலங்கியிருக்கீங்க. அதே சட்டத்தோட 51ஆம் பிரிவுப்படி, சட்டம் குடுக்கற உரிமையை ஒரு காகிதத்துல எழுதிப் பறிக்க முடியாது, அப்படி எழுதினா அந்த வரி செல்லாது. பொறுப்பைக் குறைக்கற வாசகமா இருந்தா 49ஆம் பிரிவுப்படி எளிய மொழில, கண்ணுல படற மாதிரி இருக்கணும், கையெழுத்துக்கு முன்னாடி உங்க கவனத்துக்குக் கொண்டு வந்திருக்கணும். நீங்க அனுப்பின ஜாப் கார்டு போட்டோல அது அடியில பொடி எழுத்துல இருக்கு. அப்படியே அந்த வரி செல்லும்னு வெச்சுக்கிட்டாலும் அது சொல்றது "பார்ட்டுக்கு கேரண்டி இல்ல"ன்னு தான். வேலைக்கு இல்லன்னு அவங்களே எழுதல, பாருங்க.

"ஃபூட்ஸ்டூட்ஸ்னு சுவத்துல போர்டு மாட்டியிருக்காங்க"ன்னும் எழுதியிருக்கீங்க. அது ஒரு பொருளை இருக்கற நிலைல விக்கறப்போ பேசற பேச்சு. ரிப்பேர் வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அதை நினைச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

பார்ட்ஸ் கடைக்காரர் கதை

இங்க தான் கொஞ்சம் சிக்கல். கடைல வாங்கின பொருளுக்கு 56ஆம் பிரிவுப்படி ஆறு மாசம் வாரண்டி உண்டு, பொருள் தரமா இல்லன்னா அவங்க செலவுலயே திருப்பி அனுப்பி ரிப்பேரோ, மாத்தோ, பணமோ கேக்கலாம். ஆனா கடையை விட்டு வெளிய போனப்புறம் பொருளை மாத்தியமைச்சிருந்தா அந்த அளவுக்கு வாரண்டி ஒதுங்கிடும்னும் அதே பிரிவுல இருக்கு. உங்க ஃபிட்டர் அரம் போட்டது அங்க தான் இடிக்குது. கடைக்காரர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு.

அதுக்காக முழுசா விட்டுடவும் வேண்டாம். ஏன் ராவ வேண்டி வந்துச்சு? செட்டா வித்த மேல் பாகமும் கீழ் பாகமும் ஒண்ணோட ஒண்ணு சேரலன்னா பொருள் ஆரம்பத்துலயே சரியில்ல. அசெசர் அப்படி எழுதினா கடைக்காரருக்கும் பங்கு உண்டு. 61ஆம் பிரிவு இன்னும் பலமானது, பொருளோட குறையால சொத்துக்கு சேதம் வந்தா தயாரிச்சவர், இறக்குமதி செஞ்சவர், வித்தவர் எல்லாரும் கவனக்குறைவு இருந்துச்சா இல்லையாங்கற கேள்வியே இல்லாம பொறுப்பு. வேலை செய்யறப்போ ஒரு பொருளைப் பொருத்திக் குடுக்கறவரையும் அந்தப் பொருளை சப்ளை பண்ணவரா எடுத்துக்கணும்னு அதுலயே ஒரு உட்பிரிவு இருக்கு. ஆக "பார்ட் என்னோடது இல்ல"ன்னு வர்க்‌ஷாப் நழுவறது அவ்வளவு சுலபம் இல்ல. வித்தவருக்கும் ஒரு தற்காப்பு உண்டு, அந்தக் குறையை அவர் கண்டுபிடிச்சிருக்கணும்னு எதிர்பார்க்கறது நியாயமில்லன்னா தப்பிக்கலாம். பிளேட்டை கைல வெச்சு ராவினவருக்கு அந்த வாதம் எப்படி பொருந்தும்னு எனக்குத் தெரியல.

நடைமுறையா யோசிச்சா கடை ஜோகன்னஸ்பர்க்ல இருக்கு, வர்க்‌ஷாப் உங்க ரோட்டுல இருக்கு. என் அபிப்பிராயம், முதல் குறி வர்க்‌ஷாப். கடைக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டு உங்க உரிமையை வெச்சுக்கோங்க.

வேற நாட்டு வெப்சைட்ல இருந்து நேரா வரவழைக்கற வாசகர்களுக்கும் இங்கயே சொல்லிடறேன். சட்டம் உங்க பக்கம் பேசினாலும் அந்தக் கடைக்காரரை இங்க இருந்து பிடிக்கறது கஷ்டம். அதே மாதிரி, வியாபாரமா செய்யாத ஒருத்தர் வீட்டுல கிடந்த பழைய பார்ட்டை உங்களுக்கு வித்தா இந்தச் சட்டம் அங்க வராது, ஃபூட்ஸ்டூட்ஸ் அங்க செல்லும். உயிர் காக்கற பார்ட்டுக்கு இருநூறு முந்நூறு ரேண்ட் மிச்சம் பிடிக்கறதை விட, இங்க கடை வெச்சு ரசீது குடுக்கறவர் கிட்ட வாங்கறது நல்லது.

அப்பா காலத்து லாட்ச் எங்க?

கடிதத்துல ஒரே ஒரு வரில சொல்லிட்டுப் போய்ட்டீங்க, பழைய லாட்சைக் கேட்டப்போ "குப்பைல போட்டுட்டோம்"னாங்கன்னு. எனக்கு அதைப் படிச்சப்போ ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நம்ம நாட்டுல யூட்டன்ஹேக்ல 1951ல இருந்து 1979 வரைக்கும் பீட்டில் செஞ்சாங்க, அதுக்கப்புறம் புதுசு கிடையாது, அந்தக் காலத்து பார்ட் ஒவ்வொண்ணும் நாளுக்கு நாள் அருமையாகுது. தேஞ்ச லாட்சை ஸ்பிரிங் மாத்தி, பின்னை அட்ஜஸ்ட் பண்ணியே சரி பண்ணியிருக்க வாய்ப்பு உண்டு.

சட்டமும் இதுல தெளிவா இருக்கு. 67ஆம் பிரிவுப்படி, வண்டில இருந்து கழட்டின பார்ட்டை தனியா எடுத்து வெச்சு, ஓரளவு சுத்தமான ஒரு டப்பாவுல போட்டு உங்க கிட்டயே திருப்பித் தரணும், நீங்க வேண்டாம்னு சொன்னா தவிர. நீங்க வேண்டாம்னு சொல்லல. உங்க சொத்து அவங்க கைல இருக்கறப்போ அதுக்கு அவங்க பொறுப்புன்னு 65ஆம் பிரிவும் சொல்லுது. நல்ல நிலைல இருக்கற ஒரு ஒரிஜினல் லாட்ச் இன்னிக்கு என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு பார்த்து அதையும் கணக்குல சேருங்க. வழக்குக்கும் இது உதவும், பழைய லாட்ச் இருந்திருந்தா புதுசோட பக்கத்துல வெச்சு அளந்திருக்கலாம், அந்த வாய்ப்பை இல்லாம பண்ணது அவங்க தான்.

அப்பாவோட வண்டிங்கறதுக்கு தனியா நஷ்டஈடு கேக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தம்பி, மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் நேராவே சொல்றேன், இந்த மாதிரி வழக்குல அந்தப் பாசத்துக்கு கோர்ட் பணம் போடாது. ரிப்பேர் செலவு, டோ பண்ண செலவு, அசெசர் ஃபீஸ், வீணாப் போன கூலி, லாட்ச் விலை, இதுகளைக் கேக்கலாம். மொத்த வண்டிக்கும் பெயின்ட் அடிக்கணும்னு கொட்டேஷன்ல சேர்த்திருக்காங்க போல, அதை எடுத்துடுங்க. விபத்துக்கு முன்னாடி வண்டி எந்த நிலைல இருந்துச்சோ அந்த நிலைக்குக் கொண்டு வரத்தான் கேக்க முடியும், அதை விட நல்லாக்கிக் குடுன்னு கேட்டா உங்க மத்த கணக்கையும் சந்தேகமா பார்ப்பாங்க. ரெண்டு கொட்டேஷன் வைங்க, ரெண்டுமே எழுத்துல.

உங்க மேல என்ன சொல்வாங்க

அவங்க கட்டாயம் கேக்கப் போறது: பானெட் தூக்கிட்டு நிக்குதுன்னு ஜூன்லயே தெரிஞ்சும் ஏன் ஹைவேல ஓட்டினீங்க? இந்தக் கேள்விக்கு இப்பவே தயாராகுங்க. நஷ்டத்துக்கு உங்க கவனக்குறைவும் காரணம்னா, 1956ஆம் வருஷத்து அப்போர்ஷன்மெண்ட் ஆஃப் டேமேஜஸ் சட்டப்படி கவனக்குறைவு அடிப்படைல போடற வழக்குல தொகையைக் குறைக்க முடியும். ஒப்பந்தப்படி வேலை சரியா செய்யலங்கற அடிப்படைல கேட்டா அந்தச் சட்டத்தை வெச்சுக் குறைக்க முடியாது, அதனால உங்க கடிதத்துல "என்ன வேலைக்கு காசு குடுத்தேன், என்ன வேலை நடந்துச்சு"ங்கறதை முதல்ல வைங்க.

உங்களைக் காப்பாத்தப் போறது அந்த வாட்ஸ்அப் மெசேஜ் தான். நீங்க குறையைச் சொன்னீங்க, போட்டோவும் அனுப்பினீங்க, வேலை தெரிஞ்சவர் "செட் ஆயிடும்"னு பதில் போட்டார், நீங்க நம்பி ஓட்டினீங்க. எலக்ட்ரானிக் மெசேஜை நம்ம கோர்ட் சாட்சியா ஏத்துக்கும், 2002லயே அதுக்கு சட்டம் வந்தாச்சு. போனை மாத்தாதீங்க, சாட்டை அழிக்காதீங்க, முழு சாட்டையும் தேதியோட எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க. ராவினேன்னு ஃபிட்டர் வாயால சொன்னதுக்கு மெசேஜ் இல்லையே, அப்போ கூட யார் இருந்தாங்க, என்னிக்கு, என்ன வார்த்தை சொன்னார்னு மறக்கறதுக்குள்ள இன்னிக்கே எழுதி வைங்க.

சாட்ஸ்வர்த் ஃபேஸ்புக் குரூப்ல வர்க்‌ஷாப் பேரைப் போட்டு எழுதப் போறேன்னு சொன்னீங்களே, அது இப்போ வேண்டவே வேண்டாம். நம்ம சட்டத்துல அவதூறு வழக்குக்கு உண்மைங்கறது மட்டும் பதில் ஆகாது, உண்மையாவும் இருக்கணும், பொது நன்மைக்காகவும் இருக்கணும். "திருடன், கொலைகாரன்"னு கோவத்துல ஒரு வார்த்தை விட்டா இன்னிக்கு கேக்கற இடத்துல இருக்கற நீங்க நாளைக்கு பதில் சொல்ற இடத்துல நிப்பீங்க. போலீஸ்ல கேஸ் குடுக்கறதும் இதுல பிரயோஜனம் இல்ல, இது சிவில் விவகாரம்.

இன்சூரன்ஸ்

அக்ரீட் வேல்யூ பாலிசி, அதாவது வண்டி மதிப்பை முன்னாடியே பேசி வெச்ச இன்சூரன்ஸ், இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ஆனா க்ளெய்ம் பண்ணா பிரீமியம் ஏறும்னு சொல்லாம வெச்சிருக்கீங்க. க்ளெய்ம் பண்றதும் பண்ணாததும் உங்க விருப்பம், ஆனா நடந்ததை அவங்க கிட்ட உடனே எழுத்துல சொல்லிடுங்க. பாலிசில அறிவிப்புக்கு நாள் கணக்கு இருக்கும், அது தாண்டினா அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. அதோட இன்சூரன்ஸ் பணம் குடுத்தா, வர்க்‌ஷாப் கிட்ட அதை வசூல் பண்ற உரிமை அவங்களுக்குப் போகும். நடுவுல வர்க்‌ஷாப் அஞ்சாயிரம் ரேண்டை நீட்டி "முழு செட்டில்மெண்ட்"னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டா, இன்சூரன்ஸ் உங்க மேலயே பாயலாம். அவங்களுக்குத் தெரியாம எந்தத் தாள்லயும் கையெழுத்து போடாதீங்க. வண்டி ரோட்வொர்த்தியா (ரோட்டுல ஓட்ட லாயக்கா) இல்லன்னு சொல்லி க்ளெய்மைத் தள்ளினா, இன்சூரன்ஸ் மாதிரி பண விவகாரப் புகார்களை விசாரிக்கற நேஷனல் ஃபைனான்சியல் ஆம்பட் ஸ்கீம் 2024 மார்ச்ல இருந்து இருக்கு, அங்க காசில்லாம புகார் பண்ணலாம்.

எந்த வரிசைல போகணும்

உங்க மூணு மாச வாரண்டி ஆகஸ்ட் 24ல முடியுது. பானெட் பறந்தது அந்த மூணு மாசத்துக்குள்ள தான், இருந்தாலும் அந்த தேதிக்கு முன்னாடியே வர்க்‌ஷாப்புக்கு எழுத்துல தகவல் போயிடணும், பின்னாடி தேதியை வெச்சு ஒரு சண்டை வேண்டாம். அசெசர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், முதல்ல கடிதம், ரிப்போர்ட் பின்னாடி வரட்டும்.

அவங்க "வண்டியைக் கொண்டு வாங்க, கூலி இல்லாம பண்ணித் தரோம், பானெட் மட்டும் நீங்க வாங்குங்க"ன்னு சொன்னதை நீங்க ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. அங்கயே விடறதா இருந்தா, உங்களுக்கு எந்த செலவும் கிடையாதுன்னு எழுத்துல வாங்குங்க, ஏன்னா வேலைக்கு காசு பாக்கின்னு சொல்லி வண்டியைப் பிடிச்சு வெச்சுக்கற உரிமை ரிப்பேர் செய்யறவங்களுக்கு உண்டு. லாட்சை அசெசர் பார்க்காம வண்டி அங்க போகவே கூடாது.

கடிதத்துக்கு ஒழுங்கான பதில் வரலன்னா அடுத்தது மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்பட்ஸ்மன், வண்டி சம்பந்தப்பட்ட புகார்களை விசாரிக்கற அமைப்பு, மியோசான்னு சொல்வாங்க. கட்டணம் இல்ல, வக்கீலும் தேவையில்ல, முதல்ல வர்க்‌ஷாப்புக்கு எழுதினீங்களான்னு கேப்பாங்க, அதனால கடித நகல் வேணும். அவங்க சொல்ற முடிவு சிபாரிசு தான், கட்டாயப்படுத்த முடியாது, ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீங்க. கன்ஸ்யூமர் சட்டத்தை வெச்சுக் கேக்கறவங்க அந்தச் சட்டம் சொல்ற மத்த வழிகளை முதல்ல முடிச்சுட்டு வரணும்னு 69ஆம் பிரிவைக் காட்டி வழக்கைத் திருப்பி அனுப்பினது உண்டு.

அதுக்கப்புறம் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட், சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட். வக்கீல் உள்ள வர முடியாது, நீங்களே பேசணும், டீச்சர் ஆச்சே, பேசிடுவீங்க. ஆனா 20,000 ரேண்ட் வரைக்கும் தான். உங்க கணக்கு 26,500, பெயின்ட்டைக் கழிச்சா குறையும், அப்பவும் மேல நின்னா மிச்சத்தை விட்டுக்கொடுத்துட்டு 20,000க்குள்ள கேக்கலாம், விட்டது விட்டது தான், அப்புறம் வேற கோர்ட்ல கேக்க முடியாது. மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனா முழுசா கேக்கலாம், ஆனா வக்கீல் செலவு அந்த மிச்சத் தொகையை சுலபமா தாண்டிடும். நான் உங்க இடத்துல இருந்தா விட்டுக்கொடுத்துட்டு ஸ்மால் க்ளெய்ம்ஸ் தான். போறதுக்கு முன்னாடி பதினாலு நாள் அவகாசம் குடுத்து டிமாண்ட் கடிதம் ஒண்ணு போட்டிருக்கணும், அங்க கிளார்க் உதவி பண்ணுவாங்க, அவங்க தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. மொத்தத்துக்கும் மூணு வருஷம் தான் காலவரை, ஆனா மெத்தனமா இருக்காதீங்க, லாட்சும் ஞாபகமும் அவ்வளவு நாள் அப்படியே இருக்காது.

முதல் கடிதம் ஒரு பக்கம் போதும், கோவமில்லாம. இந்த மாதிரி:

"மே 24 அன்று என் 1971 பீட்டிலில் நீங்கள் பானெட் லாட்ச் பொருத்தினீர்கள். ஜூன் மாதம் அது சரியாகப் பூட்டவில்லை என்று போட்டோவுடன் தெரிவித்தேன், செட் ஆகிவிடும் என்றீர்கள். ஜூலை கடைசி ஞாயிறன்று ஓடும்போது பானெட் திறந்து சேதம் ஏற்பட்டது. கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட் 54, 57, 61 பிரிவுகளின்படி சேதத்துக்கு உங்களைப் பொறுப்பாக்குகிறேன். கழற்றிய பழைய லாட்சை 67ஆம் பிரிவின்படி திருப்பித் தரவும். வண்டியும் லாட்சும் அப்படியே வைக்கப்பட்டுள்ளன, நாள் குறித்துச் சொன்னால் என் முன்னிலையில் நீங்கள் வந்து பார்க்கலாம். பதினாலு நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

இதை இங்கிலீஷ்ல எழுதி ஈமெயில்லயும் அனுப்புங்க, கைலயும் குடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க. வந்து பார்க்கலாம்னு சொல்றது முக்கியம், நீங்க எதையும் மறைக்கலன்னு அது காட்டும்.

கடைசியா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க, பானெட்டை ஓரளவு நிமித்தி, தோல் ஸ்ட்ராப் போட்டுக் கட்டி தீபாவளிக்கு ஓட்டலாமான்னு. வேண்டாம் தம்பி. ஹிஞ்ச் முறுக்கியிருக்கு, கண்ணாடி விரிஞ்சிருக்கு, அந்த நிலைல ரோட்டுக்கு எடுத்தா சட்டப்படியும் தப்பு, வழக்குலயும் உங்களுக்கு எதிரா திரும்பும், அதை விட பக்கத்து சீட்டுல உக்காரப் போறது உங்க மனைவி. பானெட்டை நிமித்தினா அசெசர் பார்க்க வேண்டிய வளைவும் போயிடும். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்க, டிமாண்ட் கடிதத்துல எந்தத் தொகை போடணும்னு அதைப் பார்த்து சொல்றேன்.